உதடு வரை

எலிசேயோவுக்கு வயது ஏழு,
உலகத்தில் சாப்பாடு ஐந்து.
உப்புகூட எட்டிப் பார்க்காத வெறும் சோறு.
நீல மூடித் தயிர்.
தோல் சீவிய ஆப்பிள், எட்டுத் துண்டு,
ஏழானாலும் அழுகை, ஒன்பதானாலும் அழுகை.
நாலு மூலையும் உடையாத பிஸ்கட்.
அப்புறம் நூடுல்ஸ்.
போன மாதம் கம்பெனிக்காரன்
உறையின் நிறத்தை மாற்றினான்.
ஆகவே நான்கு.

எனக்கு சால்மன் ஆலையில் இரவு வேலை.
பெல்ட்டில் வரும் மீனிலிருந்து
முள் பிடுங்க வேண்டும்.
குழந்தைகள் மூளைக்கு நல்லதாம்,
பெட்டிமேல் வேற்று மொழியில் அச்சிட்டிருப்பதை
மேஸ்திரி படித்துச் சொன்னார்.
யார் வீட்டுப் பிள்ளைக்கோ போகிறது.
என் வீட்டுப் பிள்ளை
நான் கதவைத் திறந்ததும்
சட்டைக் கழுத்தை மூக்குக்குமேல் இழுத்துக்கொள்வான்.
எலுமிச்சை, சோடா உப்பு, மிரேயாவின் ஷாம்பு,
மூன்று முறை தேய்த்தும்
நகக்கண்ணில் கடல் குந்தியிருக்கும்.

அறிவுரைக்கு புவெர்தோ மோன்ட்டில் பஞ்சமில்லை,
மழையைப் போலத்தான்.
கோதுமையை நிறுத்து என்றாள் மச்சினி யசென்யா.
பாலையும் நிறுத்து, பேச்சு வரும்
என்றான் பஸ் ஓட்டும் அவள் புருஷன்,
யாரோ ஒருவருடைய பிள்ளைக்கு வந்ததாம்.
நிறுத்தினோம்.
மிஞ்சியது சோறும் ஆப்பிளும்.
பத்தொன்பது நாள்.
பேச்சு வரவில்லை,
ஒன்றரைக் கிலோ போனது.
இடுப்பில் நிற்காத கால்சட்டைக்கு
ஊக்கு குத்தினாள் மிரேயா,
என் முகத்தைப் பார்க்காமல்.

கிளினிக்கில் உணவு ஆலோசகர் ஃப்ரெசியா சொன்னாள்:
"முதலில் திருப்பிக் கொடுங்கள்.
பிடுங்குவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது?"
ரத்தத்தில் இரும்பு குறைவு,
சொட்டு மருந்து எழுதினாள்.
"தயிரில் ஒளித்துக் கலக்காதீர்கள்.
கண்டுபிடித்தால் தயிரும் போய்விடும்."

நான் குனிந்துகொண்டேன்.
போன குளிர்காலத்தில்
சோற்றுக்குள் கடுகளவு மீனை ஒளித்தவன் நான்.
ஒரு வாய் தின்றான். நிறுத்தினான்.
யார் கண்ணையும் பார்ப்பதில்லை
என்று அவன் கோப்பில் எழுதியிருக்கிறது.
அன்று பார்த்தான்.
இரண்டு வாரம் சோற்றைத் தொடவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள்.
கட்டம் போட்டது.
மேசையில் இருந்தான். பார்த்தான். தொட்டான்.
முகர்ந்தான். உதட்டில் வைத்தான்.
விழுங்கினான் என்று கட்டமே இல்லை.
விட்டுப்போச்சா என்று கேட்டேன்.
"அது அவன் வேலை, உங்கள் வேலை இல்லை."

செவ்வாய்:
பட்டாணி ஒன்று, தனித் தட்டில்,
மேசையின் அந்தக் கோடியில்.
கத்தவில்லை.

வியாழன்:
தட்டை ஒரு சாண் நகர்த்தினோம்.
எழுந்து போனான்.
அரைச் சாண் பின்வாங்கினோம்.

ஞாயிறு:
பட்டாணியை ஒரு விரலால் உருட்டினான்.
திரும்ப உருட்டினான்.
நாற்பது நிமிடம்.
என் பகல் தூக்கம் போனது, போகட்டும்.

பிறகு கடலில் ஏதோ பாசி பூத்து
மீன் செத்து மிதந்தது.
ஆலையை மூடினார்கள்.
சம்பளம் கிடையாது.
மளிகைக் கணக்கை மிரேயா
இரண்டு முறை கூட்டினாள்,
இரண்டு முறையும் அதே தொகை.

நான்காம் நாள்
என் சட்டை வெறும் சட்டையானது.
எலிசேயோ வந்து
என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்,
தினமும் உட்காருகிறவனைப் போல.
அவன் முழங்கை என் முழங்கையில் இடித்தது.
நான் மூச்சைக்கூட எண்ணி விட்டேன்.

பட்டாணியை எடுத்தான்.
வெளிச்சத்தில் பிடித்தான்.
உதட்டில் வைத்தான்.
வைத்து, எடுத்து,
என் தட்டில் போட்டான்.

ஈரமாக இருந்தது.
தின்றுவிட்டேன்.
எனக்குப் பட்டாணி பிடிக்காது.

அடுப்படியில் மிரேயா
தண்ணீரைத் திறந்துவிட்டு
எதையும் கழுவாமல் நின்றாள்.

நோட்டில் எழுதினேன்:
உதடு, ஒரு நொடி.

நாளை இரவு ஆலை திறக்கிறதாம்.
எலுமிச்சை வாங்க வேண்டும்.